பொட்டுக்குத் தெரியாதது

பொட் என்றுதான் எழுதினேன்.
முஹ்சின் ஒரு உகரம் சேர்த்தான்,
பொட்டு ஆயிற்று.
ஹிமாஷி அதற்கு முகப்படம் வரைந்தாள்:
நெற்றியில்லாத ஒரு சிவப்பு வட்டம்.

கொள்ளுப்பிட்டியில் நாலாம் மாடி.
பகலில் ஒரு வங்கியின் வட்டியைக் கணக்கிடுகிறோம்.
ஆறு மணிக்குப் பிறகு
அதே கதிரை, அதே ஆறு பேர்,
உப்புத் தீவில் வேட்டை.

எந்த மீன் எந்தப் பருவத்தில் எழும்,
எந்தக் கேடயம் எத்தனை அடி தாங்கும்,
முதலையைக் கொன்றால் முத்து விழுவது
நூற்றில் எத்தனை தரம்...
சண்டைக்கு நடுவில் யார் பக்கம் புரட்டுவது?
அரட்டையில் ஒரு சொல்லைப் போடு,
பொட்டு போய்ப் பார்த்துவரும்.
அவ்வளவுதான் திட்டம்.

முதல் நாளே கேதாரன் கேட்டான்:
வால் என்ன விலை?
நரிவால், குரங்குவால், அறுந்த பல்லிவால் என்று
பதினொரு வரி கொட்டியது பொட்டு.
அவனுக்குத் தேவைப்பட்டது வாள்.
பன்னிரண்டாம் வரிக்குள் செத்துப்போனான்.

அன்றிரவு விதி எழுதினேன்:
ல, ள, ழ மூன்றும் ஒன்று.
ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று.
என் தமிழ் ஆசிரியை பார்த்திருந்தால்
விசைப்பலகையைப் பறித்திருப்பார்.
தேடல் நன்றாக வேலை செய்தது,
சுவரிலுள்ள பெரிய திரையில்
நான் புளி தேடிக் காட்டும்வரை.
புலி, என்றது பொட்டு.
அபாயம்: ஒன்பது. வாழிடம்: காடு.
ஒரு கணம் ஏசி மட்டும் பேசியது.
கீழே கடலோரமாய் ஒரு ரயில் தெகிவளைப் பக்கம் போனது.
ஹிமாஷிக்கு அந்த ஒரு சொல் மட்டும்
மொழிபெயர்ப்பில்லாமல் தெரிந்திருந்தது.

பிறகு சிரித்தோம். அவள்தான் தொடங்கினாள்.

ஒருமுறை பார்த்துவந்த எண்ணை
ஒரு நாள் நினைவில் வைத்திருக்கும் பொட்டு.
விளையாட்டை ஆக்கியவர்கள்
இரவோடிரவாய் விலையை மாற்றினால்
மறுநாள் மாலைவரை நாங்கள்
நேற்றைய தீவில் பேரம் பேசிக்கொண்டிருப்போம்.
இதைத் திருத்தலாம். இன்னும் திருத்தவில்லை.

பதில் கிடைக்காத கேள்விகளை
ஒரு கோப்பில் சேர்த்தேன்.
கேட்டவர் பெயர் வேண்டாம் என்றான் முஹ்சின்,
"நான் என்ன மீன் தேடுறன் எண்டு உனக்கேன்?"
நியாயம்தான். பெயரில்லாமல் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை, மழை, கொத்துக்குச் சொல்லிவிட்டுக்
கோப்பைத் திறந்தால்:
மாலு கீயத?
சம்பளம் எப்ப
முதலைக்குக் காது இருக்கா
(இது கேதாரன், பெயர் வேண்டியதில்லை)
பிறகு, அதிகாலை 2.47:
தனிய விளையாடலாமா
2.48:
தனியா விளையாட ஏலுமா
2.51:
ஒரு ஆள்

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.
மூன்று தரமும் பொட்டு சொல்லியிருந்தது:
அப்படியொரு பொருள் தீவில் இல்லை.

தரவில் இருந்தது அது.
ஆட்டக்காரர் எண்ணிக்கை என்ற பத்தியை
நான்தான் முதல் வாரமே வெட்டியெறிந்தேன்,
ஆறு பேர் என்று
ஆறு பேருக்கும் தெரியும்தானே என்று.

கொத்து வந்தது.
ஐந்து முகங்களையும் பார்த்தேன்.
எல்லோரும் மிளகாயைத் தேடி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.
யார் கண்ணுக்குக் கீழும்
வழமைக்கு அதிகமாய்க் கறுப்பில்லை.

பத்தியைத் திரும்ப ஒட்டினேன்.
ஏலும், ஏலாது, தனி, தனிய, ஒராள்
எல்லாவற்றையும் அதே கதவுக்குத் திருப்பினேன்.
ஒரு கிழமையாய் யாரும் தட்டவில்லை.

நேற்று வெள்ளவத்தையில், என் அறையில்,
இரண்டே முக்காலுக்கு நானே கேட்டேன்,
சோதனைக்கு.
ஒருவர் முதல் அறுவர் வரை, என்றது பொட்டு.

மூட எடுத்த கையில்
பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன்.
ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும்
பச்சைப் பொட்டு.

தீவுக்கு வாறியா என்று எழுதினேன்.

யாருக்கென்று கேட்காதீர்கள்.
பெயர் சேர்ப்பதில்லை என்று ஒப்பந்தம்.