பத்தொன்பதரைச் சுற்று

ஆய்வு நிலையத்துப் பையன் நீட்டிய தாளில்
ஒரே ஒரு வரி:
வலது முன்சக்கரம், டை ராடு எண்டு, ஆட்டம்.
ஒரு மாதத் தவணை.

ஆட்டம் எனக்குத் தெரியும்.
பிப்ரவரியிலிருந்தே தெரியும்.
பனி இறுகிய பாலத்தின் மேல்
வால்வோ தானாக ஒரு முடிவெடுத்துவிட்டுப்
பிறகுதான் என்னைக் கேட்கும்.

கெமியில் அன்று மைனஸ் நான்கு.
தைஸ்தோவின் வயிறு காருக்கடியில் நுழையாது.
ஆகவே அட்டைமேல் மல்லாக்க நான்,
ஸ்டீயரிங்கில் அவன்.
படகை அவன் விற்று நான்கு நாள்.
என்னைக் கேட்காமல் விற்று நான்கு நாள்.
"இடது," என்கிறேன், தரைத்தகட்டைப் பார்த்து.
"வலது."
அந்த வாரம் நாங்கள் பேசிக்கொண்டதில்
இதுதான் நீளம்.

அவன் திருப்பினால் தண்டு அசைகிறது,
சக்கரம் அரைக்கணம் யோசித்துவிட்டு அசைகிறது.
நடுவில் அந்தக் குமிழ் மூட்டு:
ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் இருந்த இடத்தில் சாலையுப்பும் மணலும்.
இருபத்தாறு குளிர்காலம்.
நானாயிருந்தாலும் ஆட்டம் கண்டிருப்பேன்.

ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி...
பின் உடைந்து பாதி உள்ளேயே நின்றது.
நட்டு வந்தது. மூட்டு வரவில்லை.
சுத்தியலால் பக்கவாட்டில் ஓர் அடி.
இன்னொன்று.
மூன்றாவது, படகை நினைத்து.
டங்கென்று விழுந்தது.

இனிக் கணக்கு.
பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ
அத்தனை சுற்றில் புதியது ஏற வேண்டும்.
உதடசைய எண்ணினேன்.
பதினெட்டு, பத்தொன்பது, அரை...
"காப்பி வேணுமா?"
விளக்குப் பிடித்து நின்றவன் குரல்.
நான்கு நாள் கழித்து, சரியாக அந்த நொடியில்.

பத்தொன்பதரையா? பதினெட்டரையா?
"பதினேழு," என்றான்.
துருப்பிடித்த மரை சுற்றுக்கொரு தடவை கிறீச்சிட்டதாம்,
கேட்டுக்கொண்டே இருந்தானாம்.
கேட்காமல் விற்றவன்.

பத்தொன்பதரையே ஏற்றினேன்.
பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
புது நட்டு, புதுப் பின்,
அதன் இரு கால்களையும் மடக்கிவிட்டேன்.

வீல் அலைன்மென்ட் கடைக்குப் பதினோரு கிலோமீட்டர்.
ஓட்டியது அவன்.
சாலை நேர், கார் போவதும் நேர்,
ஸ்டீயரிங் மட்டும் அவன் கையில்
ஆணி நழுவிய படம்போலச் சரிந்திருந்தது.
அவன் அதைப் பார்த்தான்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
பதினேழு என்று அவன் வாயைத் திறக்கவில்லை.
கோணலைக் கோணலாகவே பிடித்துக்கொண்டு
இன்னும் உறையாத கடலோரம் ஓட்டினான்.

பாதி வழியில்,
"எவ்வளவுக்குக் குடுத்தே?" என்றேன்.

சொன்னான்.
குறைச்சல்தான்.