இருபது நொடி

"தாரிக் நஃபாஸ்," என்கிறாள் நூருல் ஹிதாயா
சுவருக்கு அப்பாலிருந்து.
இழுக்கிறேன்.
"தாஹான்."
நிறுத்துகிறேன்.

கண்முன் தொங்கும் சின்னத் திரையில்
என் மூச்சு ஒரு மஞ்சள் கோடு.
கோடு ஏறி மேலே உள்ள கட்டத்துக்குள் நின்றால்
கட்டம் பச்சையாகும், கதிர் வரும்.
தாண்டினாலும் தாழ்ந்தாலும் வராது.
முப்பது வருஷம் எந்திரங்களின் சொல் கேட்டவள் நான்.
என் சொல் கேட்கும் முதல் எந்திரம் இது.

பாயான் லெப்பாஸ்:
கிளியை விட்டுவிட்ட இடம் என்று பொருளாம்.
நான் அங்கே மூச்சைப் பிடித்தேன்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பியைக்
கையால் ஒட்டவேண்டும்.
மூச்சு விட்டால் விரல் ஆடும்,
விரல் ஆடினால் சில்லு குப்பைக்கு.
யாரும் சொல்லித் தரவில்லை.
கம்பி தொடும் கணத்தில் தானாக நின்றது.
அதனால்தான் முதல் நாளே
"பாண்டாய், கக்கா!" என்றாள் நூருல்.

இடது மார்பு.
அடியிலேயே இதயம்.
நெஞ்சு நிறைய இழுத்தால் நுரையீரல் விரிந்து
அதைக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னே தள்ளுமாம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
டாக்டர் ஓங் சுண்டுவிரலைக் காட்டினார்,
பிறகு யோசித்து, விரலின் பாதியைக் காட்டினார்.

தோலில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருக்கிறார்கள்,
கோலம் போட உட்கார்ந்தவள்
பாதியில் எழுந்து போன மாதிரி.

பட்டர்வொர்த் ஃபெரியில் பழகுவேன்.
இருபது நொடி பிடி, விடு.
பக்கத்துச் சீனக் கிழவருக்கு
எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றியிருக்கவேண்டும்,
ஆசாம் போய் ஒன்றை நீட்டினார்.
வாயில் போட்டுக்கொண்டு
அன்று நாற்பது வரை பிடித்தேன்.

ஒன்பதாம் நாள் இருமல்.
கோடு துள்ளிக் கட்டத்தைவிட்டு வெளியே விழுந்தது.
எந்திரம் நின்றது.
அதற்குக் கோபமில்லை,
சம்பளத்தில் பிடிக்கவில்லை,
சூப்பர்வைசரைக் கூப்பிடவில்லை.
சும்மா காத்திருந்தது.
"பெலான் பெலான், கக்கா."
கூரையில் யாரோ ஒட்டிய கடல் படம்,
ஓர் அலையும் அசையவில்லை.
திடீரென்று அழுகை வந்துவிட்டது.
அழும்போது கோடு எப்படிப் போகும் என்று
அழுதுகொண்டே பார்த்தேன்.
படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

பதினைந்தும் முடிந்தது.
நூருல் கையைப் பிடித்தாள், கை சில்லென்றிருந்தது.
லாரிக்காரர்களுக்கே உரிய நிதானத்தோடு
வீட்டுக்காரர் "முடிஞ்சதா?" என்றார்,
கோழிக்கறி வாங்கி வந்திருந்தார்.

இரவு அவர் குறட்டை
நடுவில் அறுந்து நிற்கிறது.
வருஷக்கணக்காக எரிச்சலோடு
திரும்பிப் படுத்த அதே நிசப்தம்.
இன்று எண்ணுகிறேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
"லெப்பாஸ்," என்கிறேன் இருட்டில், மெதுவாக.
பதினெட்டு.
பத்தொன்பது.
முழங்கையால் இடித்தேன்.
பெரிய மூச்சாக விட்டு, "என்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல.
திங்கக்கிழமை உங்களையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

அதற்குள் தூங்கிவிட்டார்.