கூச்சம்

"எனாமல் தேஞ்சிருக்குக்கா" என்றார் டாக்டர் தில்ஷாத்.
எனக்குத் தெரிந்த எனாமல்
ஃபேக்டரி கேட்டுக்கு வருஷாவருஷம் அடிக்கும் பச்சை பெயிண்ட்.
சீசன் முடிவதற்குள்
மாம்பழத் தண்ணீர் பட்ட அடிப்பக்கம்
பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துவிடும்.
"அதேதான். ஆனா இங்க மறுகோட்டிங் கிடையாது."

பதினோரு சீசன்.
கிளிமூக்கு லாரிகள் கிருஷ்ணகிரி ரவுண்டானா வரை
வரிசைகட்டும் நாட்களில்
ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது ஸ்பூன் கூழ்.
வாயில் வை, சுழற்று, துப்பு, எழுது.
புளிப்பு போதாத தொட்டிக்கு சிட்ரிக் ஆசிட் கலப்பார்கள்,
மறுபடி வாயில் வை.
மீட்டர் ஒன்று உண்டு. மேனேஜர் அதை நம்புவதில்லை.
"முனிரத்னா சொல்லட்டும்" என்பார்.

திறங்க என்றதும்
பழைய வழக்கத்தில் உதடு மூடிக்கொண்டது.
பென்னாகரம் பக்கத்து போர்த் தண்ணீர்
பால்பல் விழுந்து முளைத்ததிலெல்லாம்
காவிக்கோடு இழுத்து அனுப்பியிருந்தது.
பெண் பார்க்க வந்தவர்களுக்குச்
சிரிக்காமல் காபி கொடுத்தவள் நான்.

தூரிகையில் எதையோ தொட்டுத் தடவினார்.
"என்ன மருந்து?"
"ஃபுளோரைடு."
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
"அளவுதான்க்கா வித்தியாசம். அங்க குடிச்சீங்க, இங்க பூசுறோம்."
மூன்றாம் வீட்டுச் சண்டைக்காரி
பலகாரத் தட்டோடு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.
வாயைத் திறந்தேன்.

ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டினார்கள்.
பேனா போல ஒன்று.
வெளிச்சம் எதுவும் தெரியவில்லை;
ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சொடுக்கு,
நகம் கருகுகிற வாசனை கொஞ்சம்.
"புளிப்புக்குச் சீக்கிரம் கரையுற பாகம் சூட்டுல போயிடும்.
மிச்சம் இறுகிக்கும்.
சூளை ஏறின செங்கல் மழையில கரையாதுல்ல, அப்படி."
எத்தனை மழை தாங்கும் என்றேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே
"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார்.
ஆயிரத்து இருநூறு.
ரசீது வாங்கிக்கொண்டேன், ஆபீசில் தரமாட்டார்கள் என்று தெரிந்தே.

திங்கட்கிழமை, ஏழாம் தொட்டி.
ஸ்பூனை வாயில் வைத்தேன்.
கூசவில்லை.
பேனா நோட்டின் மேலேயே நின்றது.
இத்தனை வருஷம் புளிப்பைச் சொன்னது
நாக்கு என்றிருந்தேன்;
இடப்பக்க முன்பல்லாம் அது.
இப்போது அது வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

மேனேஜர் காத்திருந்தார்.
முதல்முறையாக மீட்டரை எட்டிப் பார்த்தேன்.
மூணு புள்ளி ஒன்பது.
அதையே சொன்னேன்.
"இதுக்குத்தான் மெஷினை நம்பக் கூடாதுங்கிறது"
என்று சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன்,
உதட்டை மூட மறந்து.