நீக்கப்பட்டது

மூன்று நாளாக மழை. சிலோயே தீவில் இது செய்தியே இல்லை.
பள்ளி நூலகத்தின் மேற்குச் சுவரில் பூசணம்
புதுக் கண்டமாகப் படர்ந்துகொண்டிருக்க,
நான் கழிவுப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.
சுற்றறிக்கை சொல்வது:
முப்பது வருடம் தாண்டியது, கறை பட்டது,
கிழிந்தது, எவரும் எடுக்காதது.
நான்கும் பொருந்தின ஒரு கடல் வரைபடத்துக்கு.
ஐம்பத்து நான்கில் அச்சிட்டது.
கடன் அட்டையில் ஒரு தேதிகூட இல்லை.
சிவப்பு முத்திரையை ஓங்கிக் குத்தினேன்:
நீக்கப்பட்டது.

மை காய்வதற்குள் ஏழாம் வகுப்பு வந்துவிட்டது.
பதினொரு பேர், ஆறு டேப்லெட்,
அதில் இரண்டுக்குத்தான் உயிர்.
ஆசிரியர் ஒவீதியோ பாலைவன வடக்கிலிருந்து வந்தவர்,
இன்னும் குடையை நம்புகிறவர்.
நேற்றிரவு தீயணைப்பு நிலையத்து வாசலில் நின்று
செயற்கைக்கோள் படத்தை இறக்கி வைத்திருந்தார்.
நம் விரிகுடாவின் கரையை அளக்க வேண்டும், அவ்வளவே பாடம்.

யாஸ்னா என் மேசையைத்தான் பார்த்தாள்.
வரைபடத்தைப் படம் பிடித்து
திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள்.
விரலால் தேய்க்கத் தேய்க்க
பழைய கரை மங்கும், புதிய கரை தெளியும்.
இரண்டும் ஒட்டவே இல்லை.
தாளில் குட்டிக் குட்டி மரங்கள், ஒரு வேலி,
'ஓல்மெதோ வயல்' என்று சாய்ந்த எழுத்து.
திரையில் அதே இடத்தில் தண்ணீர்.

"தாள் தப்பு" என்றான் நிபால்தோ.
"உன் டேப்லெட் தப்பு" என்றாள் யாஸ்னா.
ஒவீதியோ என்னைப் பார்த்தார்.
இங்கேயே பிறந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.
கண்ணால் கண்டது இரண்டு.
இனி தீர விசாரிக்க வேண்டியதுதான்.

ஸ்கேன் செய்த நாளிதழ்கள் என் பழைய கணினியில் இருந்தன.
ஓல்மெதோ என்று தேடினோம்: முடிவுகள் பூஜ்யம்.
அதிகம் பேசாத எலாதியோ
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"மை கசிந்திருந்தால் இயந்திரம் தப்பாகப் படிக்கும்."
ஓல்மெலோ என்று அடித்தான். இல்லை.
ஒல்மெடா. இல்லை.
வெறும் 'மெதோ வய'. ஒன்று கிடைத்தது.
அறுபது, ஜூன். ஆறே வரி,
சோப்பு விளம்பரத்துக்குக் கீழே:
நிலநடுக்கத்தன்று வயல் தாழ்ந்தது,
கடல் வேலிவரை வந்தது,
வந்தது திரும்பிப் போகவில்லை.

யாரும் பேசவில்லை.
பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

என் கைபேசியில் ஓத அட்டவணை இருந்தது:
கடல் வற்றுவது மூன்று நாற்பதுக்கு.
பூட்ஸ் இல்லாத இருவருக்கு
விறகுக் கொட்டகையிலிருந்து இரவல் கொடுத்தோம்.
முழங்கால் சேறு. கிழிந்த வலை, கோக் பாட்டில், நண்டு.
அப்புறம் அவை.
கறுத்த அடிமரங்கள், இடுப்பளவு,
சிப்பிகள் அப்பி, வரிசை பிசகாமல்
வேலி இருந்த கோட்டிலேயே நின்றன.
நிபால்தோ ஒன்றின்மேல் கை வைத்தான்.
எடுக்காமலே மறுகையால்
அட்சரேகையைக் குறித்துக்கொண்டான்.
ஒவீதியோவின் குடை கடலோடு போனது.

திரும்பி வந்து வரைபடத்தை மறுபடி விரித்தபோது
என் முகம் சுட்டது.
சிவப்பு முத்திரை விழுந்திருந்தது
அந்தக் குட்டி மரங்களின் மேலேயே.
அழிப்பானைத் தேடினேன், அசட்டுத்தனமாக.
"விடுங்கள்," நிபால்தோ சிரித்தான்,
"சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறீர்கள்."

இன்று கழிவுப் பட்டியலில் ஒரு வரி அடித்துவிட்டேன்.
காரணம் எழுத அங்கே கட்டம் இல்லை.
கடன் அட்டையில் பதினொரு பெயர்கள்,
ஒவீதியோவைச் சேர்த்துப் பன்னிரண்டு,
எழுத்து பெரிதாக ஆகிப் போய் பின்பக்கமும் நிறைந்துவிட்டது.

விறகடுப்புப் பக்கம் வரைபடம் காய்கிறது.
அதன் நான்கு மூலையிலும் கனத்துக்கு
சார்ஜ் இல்லாத நான்கு டேப்லெட்.