கையெழுத்து ஒத்துப்போகவில்லை

பிப்ரவரியில், லியெபாயாவின் டிராம் நிறுத்தத்தில்
பனி வழுக்கி விழுந்தேன்.
வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.
ஆறு வாரம் மாவுக்கட்டு என்றாள் மருத்துவர்,
என் மகளைவிடச் சின்னவள்,
கட்டின் மேல் தேதி எழுதினாள், இடக்கையால்.
அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதல் காலை பல் துலக்க
இடது கை போனது.
பிரஷ் ஈறில் இடித்தது. கன்னமெல்லாம் நுரை.
கண்ணாடியில் ஒருத்தி சிரித்தாள்.
நான் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை.
பாதி மேசையில் கொட்டியது, மீதி மடியில்.
துடைக்க அலுப்பாக இருந்ததால்
வெறுமனே குடித்தேன்.
பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள்,
எனக்குப் புளிக்கவே இல்லை,
நாக்கைக் கேட்டால்தானே.
அந்த இரண்டு கரண்டி ஓயார்ஸின் அளவு.
கல்யாணமான வாரத்தில் கலந்து கொடுத்தான்.
வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு
அப்போது எங்களுக்குள் பழக்கமில்லை.
பிறகு, சொல்ல முடியாத அளவுக்குப்
பழகிவிட்டோம்.

கோட்டுப் பொத்தான்கள் ஆறு.
ஒற்றைக் கையால் போட ஏழு நிமிடம்.
ஏழு நிமிடம் சும்மா நிற்கவேண்டியிருந்ததால்
ஜன்னலைப் பார்த்தேன்.
கீழே முற்றத்தில் ஒரு பிர்ச் மரம்.
இருபது வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன்,
அதற்கு இரண்டு தண்டு.
டிராம் போய்விட்டது.
கால்வாய் ஓரமாக நடந்தேன், அலுவலகம் வரை,
காற்று காதைப் பிய்த்தது,
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க மறந்துபோனேன்.
மறுநாள் டிராம் இருந்தது. நடந்துதான் போனேன்.

ராத்திரிகளில் கோடு போட்ட நோட்டு ஒன்றில்
இடக்கையால் எழுதிப் பார்த்தேன்.
குடிநீர் வாரியத்தில் மீட்டர் எண்கள் எழுதும் எனக்கு
ஏழு வயதுக்காரியின் எழுத்து வந்தது.
கோணல், பெரிசு,
கோட்டுக்கு மேலே மிதக்கும் எழுத்து.
பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

முதல் வகுப்பு. ஆசிரியை அடிக்கவெல்லாம் இல்லை.
அந்தக் கையை மடியில் வை, விஸ்மா, என்றாள்.
வைத்தேன்.
எடுக்கலாம் என்று சொல்ல
அவளுக்கும் மறந்துவிட்டது,
எனக்கும்.

ஏப்ரலில் கட்டைப் பிரித்தார்கள்.
மெலிந்து, வெளுத்து, லேசான நாற்றத்தோடு
வலக்கை வெளியே வந்து
ஊருக்குப் போய்த் திரும்பிய வீட்டுக்காரன் மாதிரி
எல்லாவற்றையும் கேட்டது.
சாவியைக் கொடுத்தேன். சீப்பைக் கொடுத்தேன்.
பேனாவைக் கொடுக்கவில்லை.

வங்கியில் சிக்கல்.
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றான் இளைஞன்.
வழக்கம்போலப் போடுங்கள், அம்மா.
எனக்குப் பின்னால் ஐந்து பேர்.
வழக்கம் எது என்று
அந்த இடத்தில் கேட்க முடியாது.
புதிய மாதிரிக் கையொப்பத்துக்கு ஒரு படிவம் கொடுத்தான்.
மாற்றத்துக்கான காரணம்: எலும்பு முறிவு என்று எழுதினேன்.
பொய்யில்லை.
கீழே, பெட்டிக்குள் அடங்காமல்,
விஸ்மா ஊபெலே.

வீட்டில் ஓயார்ஸ் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தான்.
நிறைய இருக்கே, என்றான்.
எனக்குப் பிடிக்காது, என்றேன்.
எப்போதிருந்து?
எப்போதுமே.
முப்பத்தொரு வருடமா?
முப்பத்தொரு வருடம்.
டப்பாவை மூடினான். மறுபடி திறந்தான்.
எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து
உட்கார்ந்தான்.
அப்படியென்றால் நானும் ஒன்று சொல்கிறேன், என்றான்,
நீ வாங்குகிற அந்தச் சீமைச்சோம்பு ரொட்டி…

நான் அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்,
இடக்கையால்.
ஒரு பக்கம் தடியாக, மறுபக்கம் தாளாக வந்தது.
கத்தியைக் கீழே வைத்தேன்.

சொல்லு, என்றேன்.