கரிவாரியில் தக்காளி

செப்டம்பர் கடைசி ஞாயிறு. அதிகாலை மூன்றரை.
கிளூஃப் நிலையத்துக் கொட்டகையில்
சில்லிட்டுக் கிடக்கிறாள் அகஸ்டா.
கிளாஸ்கோவில் அவள் பிறந்தபோது
விக்டோரியா ராணிக்கு இன்னும் நாலைந்து வருஷம் மிச்சமிருந்தது.
கரும்பாலையின் கொல்லையில் இருபத்தெட்டு வருஷம்
கொதிகலனுக்குள் பப்பாளி வளர்த்தவளைப்
பதினோரு வருஷம் சுரண்டி, தட்டி, ஆணி மாற்றி
எழுப்பி உட்காரவைத்தோம்.
அந்தப் பப்பாளி இனித்ததா என்று
ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

வாரநாளில் நான் பைன்டவுனில் பொய்ப்பல் கட்டுகிறவள்.
மெழுகு, அச்சு, விரல்நுனி அளவு சுடர்.
இங்கே கதவைத் திறந்தால்
முகத்தை நக்கும் நெருப்பு.

எண்ணெய்த் துணி, உடைந்த பழப்பெட்டி, அப்புறம் கரி.
அவசரப்பட்டால் குழாய்கள் அழும்.
ஐந்தரைக்கு முதல் முனகல்.
ஆறரைக்கு அழுத்தமானியின் முள்
தூக்கம் கலைந்த பூனைபோல் ஒருதரம் நெளிந்தது.
"கம்சலா, மூக்கில் கரி" என்றான் சிபோனெலோ.
துடைத்தேன். கன்னத்துக்கு வந்தது.

பத்து மணிக்கு நடைமேடை கொள்ளாத கூட்டம்.
இறகு வைத்த தொப்பிகள்,
ஃபீனிக்ஸிலிருந்து பிரியாணி அண்டாவோடு ஒரு ஐம்பதாவது பிறந்தநாள்,
கேமராவை முக்காலியில் நிறுத்திக்கொண்டு
"கறுப்புப் புகை, கறுப்புப் புகை" என்று கெஞ்சும் ஒருவர்.
கறுப்புப் புகை என்றால் கரி வீண், ஐயா.
நல்ல கைக்குப் புகை தெரியக்கூடாது.
ஆனாலும் கிளம்பும்போது
இரண்டு வாரி கூடுதலாகவே போட்டேன்.

இந்தப் பாதைக்குக் கல் சுமந்தவர்களில்
என் ஆட்களும் உண்டாம். இருக்கலாம்.
சிபோனெலோ "ஊது" என்றான்;
கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.
பள்ளத்தாக்கு முழுக்க நாய்கள் பதில் சொல்லின.

ஹில்கிரெஸ்ட் தாண்டியதும் மூடுபனி.
போத்தாஸ் ஹில் ஏற்றம், ஈரத் தண்டவாளம்.
ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு,
மூன்றாவதில்
நின்ற இடத்திலேயே சக்கரங்களுக்கு வெறி பிடித்தது.
மணல்குழாய் அடைப்பு.

ஜாம் டப்பாவில் மணல் அள்ளிக்கொண்டு இறங்கினேன்.
முப்பதடி பின்னால் அத்தனை இரும்பும் நடைவேகத்தில் வர,
குனிந்து குனிந்து ஒரு தண்டவாளத்தில் நான்;
மறுபக்கம், யாரும் கூப்பிடாமலே,
இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் பிறந்தநாள்காரர்.
புள்ளியில்லாத கோலம்.
போகப் போக ஒரே கோடு.
ஜன்னலெல்லாம் தலைகள்.
"அந்த ஆன்ட்டி ரயிலைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க!"
சிரித்ததில் பாதி மணல் சரளையில் சிந்தியது.

பிடித்துக்கொண்டாள்.
அந்தச் சத்தம் மாறுகிற கணம் இருக்கிறதே,
வழுக்கல் நின்று
எடை முழுவதும் கம்பியில் உட்கார்ந்து
ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாய், அடிவயிற்றிலிருந்து...
அதற்காகத்தான் வருகிறேன்.
வேறு காரணம் கேட்டால் கைவசம் இல்லை.

இஞ்சாங்காவில் ஒரு மணிநேரம்.
போன மாதக் கொழுப்புப் போகக்
கொதிநீரில் மூன்று தடவை கழுவி,
எண்ணெய் தடவி நெருப்புவாயில் நீட்டினால்
கரிவாரிதான் எங்களுக்குத் தோசைக்கல்.
எனக்குப் புரட்டாசி, ஆகவே எனக்கு முதலில்.
இரண்டு தக்காளி.
கையில் முட்டையோடும் முகத்தில் பசியோடும்
காத்து நின்றான் சிபோனெலோ.
தோல் வெடித்து, விதை சீறி,
ஓரம் லேசாகக் கருகி வந்தது.
உப்பு டப்பா சாட்ஸ்வொர்த்தில், அடுப்படியில்.
"சாம்பல் தூவிக்கொள்" என்றான்.

தின்கிற மும்முரத்தில் நெருப்பை மறந்துவிட்டேன்.
பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொண்டு
நடைமேடை, தொப்பிகள், முக்காலி, பிரியாணி
எல்லாம் வெள்ளையில் காணாமல் போயின.
அந்த வெள்ளைக்குள்ளிருந்து
பிறந்தநாள்காரரின் குரல் மட்டும்:
"மறுபடியும் மணல் வேண்டுமா?"