கிழியாத ரிக்கெற்

இரவு இரண்டு மணி, பேர்கன்.
மூன்று போனையும் ஒரு மடிக்கணினியையும்
மேசையில் பரப்பி வைத்து
லண்டன் மச்சுக்கு ரிக்கெற் எடுத்தவர் குகதாசன்.
வரிசையில் நீங்கள் நாற்பத்தோராயிரத்து முன்னூறாவது ஆள்
என்றது திரை.
அசையாமல் இருந்தார், விரதகாரர் மாதிரி.
நாலு கிடைத்தது.
அந்தக் கோடை முழுக்க
மீன் வாங்கக்கூடக் கணக்குப் பார்த்தோம்.

இந்தக் கோடை வன்னி.
விமானத்திலேயே அகரன் கேட்டுவிட்டான்,
அங்கே மச் இருக்குமா, ரிக்கெற் எடுக்கலாமா என்று.
அவனிடம் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது.
உள்ளே முழுக்க, வாசலில் கிழித்த பாதிகள்.
போன நாட்டுக்கெல்லாம்
அதுதான் அவனுடைய அத்தாட்சி.

இருந்தது.
ஒட்டுசுட்டானில் இறுதியாட்டம்,
பாலிநகருக்கும் தண்ணீரூற்றுக்கும்.
நான் பாலிநகர். அவர் தண்ணீரூற்று.
இதை வீட்டில் ஒருவரும் பகிடியாய் எடுக்கவில்லை.

யோகலிங்கத்துக்குப் போன் அடித்தார்.
"மச்சான், நாலு ரிக்கெற் வேணும்."
"உனக்கேனடா ரிக்கெற்? கதிரை போட்டிருக்கு.
மாலைக்கும் சொல்லியாச்சு."
"கதிரை வேண்டாம். ரிக்கெற்."
"ஜேர்சிக்கு ஒரு அறுபதாயிரம் குறையுது.
அதைப் பிறகு கதைப்பம்."

வாசலில் தடி போட்டு மறித்து நின்ற பொடியன்
அவருடைய காசைத் தொடவே இல்லை.
"விருந்தினரிட்டை வாங்கக் கூடாதெண்டு
தலைவர் சொன்னவர், அண்ணை."
நூறு ரூபாய்த் தாள் சோளகத்துக்குப் படபடத்தது.
அதற்குள் ஒலிபெருக்கி
"நோர்வேயிலிருந்து வருகை தந்திருக்கும்" என்று தொடங்கி
தகப்பன் பேரைப் பிழையாய்ச் சொல்லி முடித்தது.
இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள்.
பிடிபட்ட ஆள் மாதிரிப் போனார்.

நான் பிள்ளைகளோடு பின்வாசலுக்கு நடந்தேன்.
அங்கே ஒரு பெட்டை, மடியில் கச்சான் சரை,
முழங்காலில் ரிக்கெற் புத்தகம்.
கோயில் அர்ச்சனைச் சிட்டை அடித்த அதே அச்சகம் போல,
மஞ்சள் தாள், ஊதா முத்திரை,
மூலையில் பிள்ளையார் சுழி.
"எந்த ஊர் அக்கா?"
"பாலிநகர்."
அங்கே இந்தக் கேள்விக்கு நான் படம் கீற வேண்டும்.
பதினேழு வருசத்துக்குப் பிறகு
ஒற்றைச் சொல்லில் பதில் போதுமாயிருந்தது.
"எங்கட ஆக்கள் அந்த மெசின் பெட்டியிலை."
நாலு வாங்கினேன். மூன்றைக் கிழித்தாள்.

சீற் நம்பர் எங்கே என்று கேட்டாள் இயல்.
பெட்டிக்குள் நின்ற மனிசி ஒருத்தி
தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு
அது நின்ற இடத்தைக் காட்டினாள்:
"இதுதான், ஏறு."

முதல் பாதி, காற்று அவர்களுடையது.
தண்ணீரூற்றுக்காரன் சும்மா தட்டின பந்து
எழும்பி வளைந்து கோலுக்குள் போனது.
இரண்டாம் பாதி, காற்று எங்களுடையது.
காற்று இருந்தென்ன, அடிக்கத் தெரிய வேணுமே.

ஒருமுறை பந்து வேலி தாண்டிப் பற்றைக்குள் விழுந்தது.
பத்து வயதுப் பொடியன் ஒருவன்
நேரே ஓடினான், காலடி பாராமல்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
திரும்பி வந்தபோது
கையில் பந்து, வாயில் பாலைப்பழம்.
சனம் பந்துக்காகக் கத்தியது.
நானும் கத்தினேன், வேறொன்றுக்காக.

எழுபதாவது நிமிடம் சமன்.
செருப்பைக் கழற்றிப் பெட்டித் தகரத்தில் அடித்தேன்.
பிள்ளைகள் கோலைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.

பெனால்ரியில் தோற்றோம்.

இரவு, போட்ட சால்வையை மடித்தபடி சொன்னார்:
கதிரைக்கு முன்னால் மேசை,
மேசை நிறையக் கேடயம்.
இடைவெளியால் கோர்னர் கொடி மட்டும் தெரிந்தது.
"முதல் கோல் ஆர் அடிச்சது?"

நாலாவது ரிக்கெற்றை எடுத்துக் கொடுத்தேன்.
இலக்கம் 0417. கிழியாதது.
போன் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தார்.
துளைக் கோட்டில் மெதுவாய் மடித்து
ஓசை கேட்கக் கிழித்து
பாதியை மகனிடம் நீட்டினார்.

அகரன் ரின்னை மூடினான்.
"இது செல்லாது அப்பா.
நீங்கள் மச் பாக்கேல்லை."

வெளியே யோகலிங்கத்தின்
மோட்டச்சைக்கிள் வந்து நின்றது.